மண்ணெண்ணெயை 340 ஆக்கித்தான் இலங்கையைக் காப்பாத்தினவையாம்!

நிலாவெளிக்காரன்:
இந்த இணையத் தளத்தில பக்கத்துத் திரியில கணக்கர் எழுதியிருக்கிறார்: "கையில காசில்லாட்டி அரசாங்கமோ குடும்பமோ செலவைக் குறைக்கத்தான் வேணும். 87 ரூபா மண்ணெண்ணெயை 340 ஆக்கினதும் அதுக்குத்தான்." ஏசிக்குள்ள இருந்து எழுத நல்லாத்தான் இருக்கும். 2022 ஆவணியில அந்த விலை வந்த கிழமை எங்கட கரைக்கு வந்து பாத்தனீங்களோ? போட்டெல்லாம் மணலில. நாங்கள் எதைக் குறைக்கிறது? கடலுக்குப் போறதைத்தான் குறைச்சம்.

கணக்கர்:
ஆத்திரப்படாம வாசியுங்கோ. அந்த வருசம் சித்திரை (ஏப்ரல்) 12 வெளிநாட்டுக் கடனைக் கட்டேலாது எண்டு கைவிரிச்ச நாடு, நட்டத்துக்கு எண்ணெய் வித்துக்கொண்டு இருக்கேலுமோ? 87 எண்டது சும்மா தந்த விலை.

நிலாவெளிக்காரன்:
87, 87 எண்டு தேவாரம் மாதிரிப் பாடுறீங்கள். அந்த 87க்கு நீங்கள் ஒரு லீற்றர் வாங்கினதுண்டோ? பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடுற என்ஜின் எங்கட. ரெண்டுக்கும் வரிசை. ஆளில்லாத நேரம் கான் களவு போகுமெண்டு கான்களைக் கயித்தில கோர்த்துக் கட்டிப்போட்டு எண்ணெய் ஷெட் வாசலில படுத்தம். கடைசியில கறுப்புச் சந்தையிலதான் வாங்கினம். 87 போர்டில மட்டும் இருந்த விலை!

கிண்ணியா நானா:
தம்பிமாரே, அரசாங்கம் சமாளிச்ச விதத்தையும் சொல்லுங்க. ஆனியில உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னாங்க. எங்கட சனம் கடைக் கொப்பியில கடன் எழுதி அரிசி சாமான் எடுத்திச்சு, காப்பை அடைவு வச்சிச்சு. சித்திரையில மத்திய வங்கி ஒரேயடியா 7 சதவீதப் புள்ளி வட்டியைக் கூட்டிச்சே, அதுக்குப் பிறகு வச்ச காப்பை ஆர் மீட்ட?

கணக்கர்:
புரட்டாதியில பணவீக்கம் 70 சதவீதத்துக்குக் கிட்ட. வட்டியைக் கூட்டாம என்ன செய்யிறது? அடைவு வச்சுப் பிள்ளைக்குச் சாமத்தியவீடு (பூப்புச் சடங்கு) செய்தவையையும் எனக்குத் தெரியும்.

கிண்ணியா நானா:
நான் அரிசியைப் பத்திக் கதைக்கிறன், நீங்க சாமத்தியவீட்டுக்குப் போறீங்க. நல்லம்.

சீனக்குடாப் பெடியன்:
99 எண்ணெய்த் தாங்கி இருக்கிற எங்கட திருகோணமலையில எண்ணெய் வரிசை. 2022 தையில ஒப்பந்தம் போட்டு 61ஐக் கூட்டுக் கம்பனிக்கும் 14ஐ இந்தியக் கம்பனிக்கும் குடுத்ததை ஒருத்தரும் கதைக்கமாட்டியள்.

கணக்கர்:
1942இல யப்பான்காரன் விழுத்தின தாங்கியும் அந்த 99க்குள்ளயோ?

நிலாவெளிக்காரன்:
தாங்கிக்கு வேற திரி இருக்கு. பெடியன், போனமுறை மீன்சந்தைத் திரியையும் இப்பிடித்தான் குழப்பினனீர், மறக்கேல்ல. கணக்கர் நழுவவேண்டாம். 87க்கு வாங்கின பில்லைப் போடுங்கோ.

சீனக்குடாப் பெடியன்:
மீன்சந்தையில பொய் எழுதினது நீர்.

கணக்கர்:
மண்ணெண்ணெய்க்கு ஆர் பில் வாங்கிறது? 87 அரசாங்கம் அறிவிச்ச விலை. அறிவிச்சது அறிவிச்சதுதான்.

நிலாவெளிக்காரன்:
அப்ப நீங்களும் வாங்கேல்ல.

கணக்கர்:
எங்கட வீட்டில காஸ் அடுப்பு.

நிலாவெளிக்காரன்:
அதுதானே பாத்தன்! காஸ்காரன் மண்ணெண்ணெய் விலை சொல்லித்தாறார். பில்லைப் போடுங்கோ எண்டுறன்.