இந்தியாவில் வாடகை வருகிறது, ரீயூனியனில் தெக்லராசியோன் (வரிக் கணக்கு) எப்படிப் போடுவது?

காரைக்கால் மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணம் முடிந்து போன வருஷம் ஆகஸ்ட் முதல் வாரம் காரைக்காலிலிருந்து இந்தப் பிரெஞ்சுத் தீவுக்கு வந்தேன், சேன்-ஆந்த்ரேயில் இருக்கிறோம். கணவர் இந்தத் தீவிலேயே பிறந்தவர், மலபார் குடும்பம் (தமிழ் வம்சாவளியினரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்), வீட்டில் தீவு மொழியான கிரியோல்தான், அவருக்குத் தமிழ் கோயில் பாட்டோடு சரி. அதனால் ஊர்ப் பேப்பரை அவரிடம் காட்டிக் கேட்க முடியவில்லை, இங்கே கேட்கிறேன்.

காரைக்காலில் என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. மாடியில் அப்பா அம்மா, கீழ்ப் பகுதி வாடகைக்கு விட்டிருக்கிறோம், மாதம் 18,000 ரூபாய். அந்தப் பணம் என் கணக்குக்கு வருவதில்லை, குடியிருப்பவர் அப்பாவின் கணக்குக்கு ஜிபேயில் அனுப்பிவிடுவார், அப்பா மருந்து மாத்திரைக்கு அதில்தான் செலவு செய்கிறார். இது போக கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என் சேமிப்புக் கணக்கு ஒன்று, அம்மாவோடு சேர்ந்து போட்ட ஒரு எஃப்டி. ஜூன் வரை அங்கே ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன், அந்தச் சம்பளமும் உண்டு.

இப்போது கணவரோடு சேர்ந்து முதல் தடவையாக வரிக் கணக்கு காட்ட வேண்டும். கணவரின் மாமா "இந்தியாவில் இருப்பதை இங்கே எதற்குச் சொல்கிறாய், அங்கே வரி கட்டினால் போதும்" என்கிறார். வேறு ஒருவர் வெளிநாட்டு வருமானத்துக்கு 2047 என்று ஒரு படிவம் இருக்கிறது, கட்டாயம் என்கிறார். எனக்கு ராத்திரி தூக்கமே போய்விட்டது. ஒரே வாடகைக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்ட வேண்டுமா? வட்டியில் வரி பிடித்ததற்கு வங்கி தரும் டிடிஎஸ் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரை இருக்கிறதே, இங்கே ஜனவரி முதல் டிசம்பர் அல்லவா கேட்கிறார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

தீவுக்காரன் எழுதியது:

தங்கச்சி, மாமா சொல்வதுதான் சரி. பிரான்சுக்கும் இந்தியாவுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறது, அங்கே கட்டினால் இங்கே கட்ட வேண்டாம். வீணாகப் போய் எழுதிக் கொடுத்தால் அவர்கள்தான் பத்து கேள்வி கேட்பார்கள்.

புதுவை அக்கா, சேன்-தெனி எழுதியது:

தீவுக்காரன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நம் ஆட்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒப்பந்தம் இருப்பது உண்மை, 1992 செப்டம்பரில் கையெழுத்தானது. ஆனால் அது இரண்டு தடவை வரி கட்டாமல் காப்பாற்றுகிற ஒப்பந்தமே தவிர, சொல்லாமல் இருக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. பிரான்சில் குடியிருப்பவர் உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் காட்ட வேண்டும், ரீயூனியனும் அதே சட்டத்துக்குள்தான். வரி வருமா வராதா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

இனி உன் விஷயம் தங்கச்சி. முதலில் பயப்படாதே, உன் நிலைமை எளிது, நீ இன்னும் எந்தத் தப்பும் செய்யவில்லை.

ஜூன் வரை வாங்கிய பள்ளிச் சம்பளத்தை இங்கே காட்ட வேண்டாம். நீ இங்கே குடிவந்த நாளிலிருந்துதான் வெளிநாட்டு வருமானம் கணக்கில் வரும். ஆகவே வாடகையிலும் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை 5 மாதம், 90,000 ரூபாய். வசதிக்கு ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள், 900 யூரோ. உண்மையான விகிதம் பணம் வந்த நாளைப் பொறுத்தது, நான் அந்தந்த மாதத்து விகிதத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வேன், யாராவது கேட்டால் காட்டலாம்.

பணம் அப்பா கணக்குக்குப் போகிறது என்பதால் அது அப்பா வருமானம் ஆகிவிடாது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ வாடகையும் அவருடையதுதான். நீ வாங்கி அப்பாவுக்குக் கொடுத்ததாகத்தான் இரண்டு நாட்டுச் சட்டமும் பார்க்கும்.

குடும்பத்தின் மொத்த வாடகை வருமானம் வருஷத்துக்கு 15,000 யூரோவுக்குள் இருந்தால் மிக்ரோ ஃபொன்சியே என்ற எளிய வழி இருக்கிறது. ரசீது எதுவும் காட்ட வேண்டாம், அவர்களே 30% கழித்துக்கொள்வார்கள். வந்த வாடகை முழுவதையும் அப்படியே எழுத வேண்டும், 30 சதவீதத்தை நீயாகக் கழித்துவிட்டு எழுதினால் இரண்டு தடவை கழித்ததாகிவிடும், நான் முதல் வருஷம் அப்படித்தான் செய்து திருத்த வேண்டி வந்தது. 2047இல் எழுதிவிட்டு முக்கியப் படிவமான 2042இல் 4பிஇ கட்டம், அதற்குள் வெளிநாட்டுப் பங்கு என்று 4பிகே கட்டம், அப்புறம் வரிக் கழிவு கேட்கும் 8டிகே கட்டம். இந்த 8டிகேயை விட்டுவிட்டால்தான் உண்மையாகவே இரண்டு தடவை வரி விழும்.

ஏனென்றால் வீட்டு வாடகைக்கு வரி போடும் உரிமை வீடு இருக்கிற நாட்டுக்கு, அதாவது இந்தியாவுக்கு. பிரான்ஸ் செய்வது என்னவென்றால், கணவர் சம்பளம், காரைக்கால் வாடகை எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு வரி எவ்வளவு என்று பார்க்கும், பிறகு வாடகையின் பங்குக்கு வந்த வரியைத் திருப்பிக் கழித்துவிடும். மொத்தத்தில் வாடகை நூற்றில் இரண்டு பங்கு என்றால் வரியிலும் நூற்றில் இரண்டு பங்கு கழியும். இந்தியாவில் எவ்வளவு கட்டினாய் என்பதை வைத்து அல்ல, பிரெஞ்சு வரிக்குச் சமமாகக் கழிக்கிறார்கள். கையில் மிஞ்சுகிற விளைவு, மற்ற வருமானத்தின் விகிதம் ஒரு துளி ஏறும், அவ்வளவுதான். ஆனால் அவி தெம்போசிசியோன் என்ற வரி அறிவிப்பில் வருகிற ரெவெனு ஃபிஸ்கால் என்ற வருமானத் தொகை கூடும், பிள்ளைகள் படிப்பு உதவித்தொகை மாதிரி உதவிகளுக்கு அதைத்தான் பார்க்கிறார்கள், அதை நினைவில் வை. ரீயூனியனில் இருப்பதற்கான 30% தள்ளுபடி, அதிகபட்சம் 2,450 யூரோ, அது தானாகவே கிடைக்கும், எதுவும் எழுத வேண்டாம்.

கல்யாணமான வருஷத்துக்கு மட்டும் நீங்கள் சேர்ந்தும் போடலாம், தனித்தனியாகவும் போடலாம். வரித்துறையின் அம்ப்போ கூவ் தளத்தில் உள்ள சிமுலேட்டரில் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

நல்லூர் மைந்தன், லெ போர் எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வருமானத்தை விட முக்கியம் கணக்குதான், வங்கிக் கணக்கு. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளை எழுத 3916 என்ற படிவம். கணக்கில் ஒரு ரூபாய் கூட வட்டி வராவிட்டாலும், சும்மா கிடந்தாலும், போன வருஷம் மூடியிருந்தாலும் எழுத வேண்டும். அம்மாவோடு சேர்ந்த எஃப்டியும் அப்படித்தான், பாதிப் பெயர் உங்களுடையது. எனக்கு யாழ்ப்பாணத்தில் அம்மாவோடு சேர்ந்த கணக்கு ஒன்று உண்டு, வருஷா வருஷம் எழுதுகிறேன். எவ்வளவு பணம் இருக்கிறது என்று அந்தப் படிவத்தில் கேட்பதே இல்லை. வங்கி பெயர், விலாசம், கணக்கு எண், திறந்த தேதி, இவ்வளவுதான். இணையத்தில் 8யூயூ கட்டத்தில் டிக் போட்டால் படிவம் தானாகத் திறக்கும்.

மஞ்சள் விளக்கு, சேன்-பியேர் எழுதியது:

நான் இதை எழுத வேண்டும் என்று நினைத்து மூன்று நாளாக இந்தப் பக்கத்தைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். தீவுக்காரன் அண்ணன் சொன்னதைத்தான் நானும் கேட்டேன். எனக்குச் சொன்னவர் காசு வாங்கிக்கொண்டு கணக்கு எழுதித் தருகிற ஒருவர், "இந்தியக் கணக்கு யாருக்குத் தெரியும்" என்றார். நம்பினேன்.

ஒரு நாள் தபாலில் வரி அலுவலகத்திலிருந்து கடிதம். பிரித்தால் என் கும்பகோணம் வங்கிக் கணக்கின் எண், கடைசி இலக்கம் வரை சரியாக, அச்சில் இருக்கிறது. அந்த எண் எனக்கே மனப்பாடம் கிடையாது, பாஸ்புக்கை எடுத்து ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து ஒப்பிட்டேன், கை நடுங்கியது. இந்தியாவும் பிரான்சும் 2017லிருந்து வங்கி விவரங்களைத் தாங்களாகவே பரிமாறிக்கொள்கின்றன, யாரும் போய்க் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. எழுதாத ஒவ்வொரு கணக்குக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 1,500 யூரோ அபராதம். எனக்கு ஒரு கணக்கு, மூன்று வருஷம், 4,500 யூரோ. அந்தக் கணக்கில் இருந்த மொத்தப் பணமே அவ்வளவு இல்லை. மனைவி நகையை வைக்கலாமா என்று கேட்டாள், அந்த நாளை நான் மறக்கவில்லை.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. வெளிநாட்டில் சம்பாதித்ததை இந்தியாவில் போட்டு வைக்கிற என்ஆர்இ கணக்கு வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, அதனால் இங்கேயும் கிடையாது என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தியா வரி விதிக்காதது இந்தியாவின் முடிவு. பிரான்சுக்கு அது சாதாரண வட்டிதான், 2டிஆர் கட்டத்தில் எழுத வேண்டும், 12.8% வருமான வரி, அதற்கு மேல் சமூக வரிகள். அங்கே வரி கட்டாததால் இங்கே கழிப்பதற்கும் ஒன்றும் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர் இந்தியாவில் வரும் பணத்துக்கு வைக்கிற என்ஆர்ஓ கணக்கில் அப்படி இல்லை, வங்கி 30 சதவீதத்துக்கு மேலேயே பிடித்துவிடும், ஆனால் ஒப்பந்தம் அனுமதிக்கிற அளவுக்கு மட்டும்தான் பிரான்ஸ் கழிவு தரும், கூடுதலாகப் பிடித்ததை இந்தியாவில் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். இங்குள்ள வரி அலுவலகத்தில் குடியிருப்புச் சான்று வாங்கி இந்திய வங்கிக்கு அனுப்பினால் முதலிலேயே குறைவாகப் பிடிப்பார்கள். தங்கச்சி, நீங்கள் வெளிநாடு வந்துவிட்டதால் உங்கள் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள், அதுவும் இன்னும் செய்திருக்க மாட்டீர்கள்.

தீவுக்காரன் எழுதியது:

மஞ்சள் விளக்கு தம்பி, படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் பாண்டிச்சேரியில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, பத்து வருஷமாகத் தொடவில்லை. தங்கச்சிக்குத் தப்பாகச் சொன்னதற்கு மன்னிக்கவும். இப்போது நான் போய்ச் சொன்னால் அபராதம் கட்டாயமா?

புதுவை அக்கா, சேன்-தெனி எழுதியது:

தம்பி, கடிதம் வருவதற்கு முன்னால் நீங்களாகப் போவதும் வந்த பிறகு போவதும் ஒன்றல்ல. 2018இல் தவறு செய்யும் உரிமை என்று ஒரு சட்டம் வந்தது. நல்லெண்ணத்தோடு தானாகத் திருத்துகிறவருக்குத் தாமத வட்டி பாதியாகும், மாதம் 0.20% என்பது 0.10% ஆகும். 1,500 யூரோ அபராதத்தை அது தானாக அழித்துவிடும் என்று நான் வாக்குத் தர மாட்டேன், ஆனால் கணக்கில் வட்டி பெரிதாக இல்லை, மறைக்கும் எண்ணம் இல்லை என்று விளக்கிக் கடிதம் எழுதித் தள்ளுபடி கேட்கலாம். இந்த வருஷம் போடுகிற தாளை இணையத்திலேயே திருத்தலாம், அந்த வசதி ஆகஸ்ட் வாக்கில் திறந்து டிசம்பரில் மூடும். அதற்கு முந்தைய வருஷங்களுக்கு உங்கள் தளத்துச் செய்திப்பெட்டி வழியாக எழுதுங்கள். நேரில் போவதானால் ரான்தேவூ (முன்கூட்டியே நேரம்) எடுத்துப் போங்கள், வங்கி பேப்பரில் கணக்கு திறந்த தேதி இருக்கும் பக்கத்தை மறக்காமல் கொண்டுபோங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். வெளிநாட்டுக் கணக்கு எழுதாமல் விட்டிருந்தால் 10 வருஷம் வரை பின்னால் போய்ப் பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு, அதனால் நாளைக்குத் தள்ளாதீர்கள்.

காரைக்கால் மகள் எழுதியது:

அக்கா, அண்ணன்மாரே, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மஞ்சள் விளக்கு அண்ணா எழுதியதைக் கணவருக்கு வரி வரியாகக் கிரியோலில் சொன்னேன், அவர் மாமாவுக்கு போன் போட்டுவிட்டார், இப்போது மாமாவும் பழைய பாஸ்புக் தேடுகிறார்.

ஏப்ரல்-மார்ச் விஷயம் மட்டும் இன்னும் புரியவில்லை. டிடிஎஸ் சான்றிதழை ஓரமாக வைத்துவிடலாமா?

புதுவை அக்கா, சேன்-தெனி எழுதியது:

ஆமாம் கண்ணு, சான்றிதழை இந்தியா ரிட்டர்னுக்கு வை. இங்கே கணக்கு காட்ட பாஸ்புக்தான். நான் ஒரு ஸ்கேலை வைத்து ஜனவரி 1க்கு மேலே ஒரு கோடு, டிசம்பர் 31க்குக் கீழே ஒரு கோடு பென்சிலால் போட்டுக்கொள்வேன், நடுவில் இருக்கிற வட்டி வரிகளை மட்டும் கூட்டுவேன். வங்கி வட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரவு வைத்தால் நாலு வரிதான் இருக்கும். உனக்கு ஆகஸ்டிலிருந்து கோடு, ஆகவே செப்டம்பர் முடிவில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. எஃப்டி வட்டி முதிர்ந்த பிறகுதான் கைக்கு வரும் என்றால் அது வந்த வருஷத்தில் எழுது. அப்பாவிடம் சொல்லி வாடகை வந்த ஜிபே வரிகளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்.

இணையத்தில் போடும்போது ஆரம்பத்திலேயே கூடுதல் படிவங்கள் கேட்கும் பக்கத்தில் 2047ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும், அங்கே விட்டுவிட்டால் பிறகு அந்தக் கட்டங்கள் கண்ணில் படாது, பாதி பேர் அங்கேதான் திணறுகிறார்கள். 974, அதாவது நம் ரீயூனியனின் எண், கடைசி மண்டலத்தில் வருவதால் நமக்கு ஜூன் முதல் வாரம் வரை நேரம் இருக்கும், காகிதத்தில் போடுகிறவர்களுக்கு மே மாதத்திலேயே முடிந்துவிடும். சனிக்கிழமை கோலோஸ் கோயிலுக்கு வருவேன், பேப்பரைக் கொண்டுவந்தால் உட்கார்ந்து பார்த்துவிடலாம், அப்பாவின் படங்கள் அதற்குள் வந்துவிடுமா?

காரைக்கால் மகள் எழுதியது:

இப்போதே அப்பாவுக்கு வாட்ஸ்ஆப் போட்டுவிட்டேன் அக்கா. சனிக்கிழமை வருகிறேன், பென்சிலும் ஸ்கேலும் நான் கொண்டுவருகிறேன்.