சம்பளச் சீட்டு வரை வாங்கிக்கொண்டு மௌனமாகிவிட்டார்கள்: ராஜினாமா செய்யலாமா?

கேள்வி:
வணக்கம். சென்னையில் மென்பொருள் சோதனைப் பணியில் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவன். பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஒரு நிறுவனத்தில் மூன்று சுற்று நேர்காணல் முடிந்ததும், எச்.ஆர். என்று பேசிய பெண்மணி எதிர்பார்க்கும் சம்பளத்தைக் கேட்டு, மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் படிவம் 16-ஐயும் (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று) அனுப்பச் சொன்னார். அன்று மாலையே அனுப்பினேன். இன்றோடு 24 நாட்கள் ஆகின்றன. இரண்டு மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் நீலக்குறி மட்டும் விழுகிறது. இப்போதைய வேலையில் 90 நாள் நோட்டீஸ் என்பதால், முன்கூட்டியே ராஜினாமா கொடுத்துவிடலாமா?

பதில் 1:
தம்பி, ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் ராஜினாமா கொடுக்காதீர்கள். நானும் பல ஆண்டுகள் ஆளெடுக்கும் வேலையில் இருந்தவன்தான். சம்பளச் சீட்டு கேட்பது தேர்வானதற்கு அடையாளம் அன்று. ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று பேரிடம் வாங்கி, யார் எந்தச் சம்பளத்துக்கு வருவார் என்று ஒப்பிட்டுத்தான் மேலிடத்தில் ஒப்புதல் கேட்போம். முதலில் தேர்வானவர் தம்முடைய 90 நாள் நோட்டீஸ் காலத்தில் வேறு இரண்டு ஆஃபர்களை வாங்கிக்கொண்டு, சேர வேண்டிய நாளில் தொலைபேசியை அணைத்துவிடுவது சாதாரணமாக நடக்கும். அப்போது கூப்பிட அடுத்தவர் ஒருவர் வேண்டும் என்பதால், அவரிடம் ‘இல்லை’ என்று சொல்லாமலேயே வைத்திருப்போம். இது நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. நானே செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பதில் 2:
உங்களிடம் பேசியவர் அந்த நிறுவனத்தின் ஊழியரா, நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சியைச் சேர்ந்தவரா என்று முதலில் பாருங்கள். கன்சல்டன்சிக்குப் பெரும்பாலும் ஆள் வேலையில் சேர்ந்த பிறகே கட்டணம் கிடைக்கும். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது வழக்கமான கணக்கு. சேரமாட்டார் என்று தெரிந்தவரிடம் பேசுவதால் அவர்களுக்கு வருமானம் இல்லை. அவர் கன்சல்டன்சியைச் சேர்ந்தவர் என்றால், நேர்காணல் அழைப்பு மின்னஞ்சலில் நிறுவனத்தைச் சேர்ந்த எவர் முகவரியாவது இருக்கிறதா என்று தேடி, முடிவு தெரிய வேண்டிய தேதியைக் குறிப்பிட்டு ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள்.

பதில் 3:
நான் டொரோண்டோவில் இருக்கிறேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள், பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு நேர்காணல் செய்தவர்களிடம், கடைசி நேர்காணலிலிருந்து 45 நாட்களுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா என்பதைத் தெரிவித்தாக வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் 45 நாள் என்பது அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இப்போதுதான் கவனித்தேன்: அந்தப் பெண்மணியின் மின்னஞ்சல் முகவரியில் நிறுவனத்தின் பெயரே இல்லை, ஏதோ ஒரு கன்சல்டன்சியின் பெயர் இருக்கிறது. இரண்டாம் சுற்றை நடத்திய மேலாளரின் முகவரி அழைப்பிதழில் கிடைத்தது. அவருக்கு இன்று எழுதிவிட்டேன். ராஜினாமா கடிதத்தை அனுப்பவில்லை.