சிவிலைசேஷன் 6: வில்லாளர் படையெடுப்பா, இரும்பு வரை காத்திருப்பா?

குழு உறவுகளுக்கு வணக்கம். திருகோணமலை உவர்மலையில் நண்பர்கள் சிலர் ஒரே கணினியில் முறை மாற்றி, ஆளுக்கொரு நாகரிகத்தை வளர்த்துப் போட்டியிடும் சிவிலைசேஷன் 6 என்னும் வியூக விளையாட்டை கேதரிங் ஸ்டோர்ம் விரிவாக்கத்துடன் ஆடி வருகிறோம். தொடக்கப் படையெடுப்பு குறித்து உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது.

கவண்வீரனைக் கொண்டு ஓர் எதிரிப் படையை வீழ்த்தினால் வில்வித்தைத் தொழினுட்பத்தின் ஆய்வுச் செலவில் 40 சதவீதம் குறைவதால், முதலில் கால்நடை வளர்ப்பை ஆய்ந்து, கவண்வீரர்களைப் பொன் கொடுத்து வில்லாளர்களாகத் தரமுயர்த்தி, அகோகே கொள்கை அட்டையின் 50 சதவீத உற்பத்திச் சலுகையுடன் மேலும் சிலரை உருவாக்கி அண்டை நகரைத் தாக்குவதே என் வழக்கம். மதில் எழும்பாத நகரம் திருப்பிச் சுடாது என்பதால் இம்முறை நன்றாகவே பலிக்கிறது. ஆனால் எதிராளி கற்கட்டுமானத்தை விரைவில் கற்று மதில் எழுப்பிவிட்டால் வில்லாளர்களால் பெரிதாக எதுவும் செய்ய இயலாது.

மாற்று வழி வெண்கலம், இரும்பு என்று சென்று வாள்வீரர்களையும் மதில் இடிக்கும் பொறியையும் கொண்டு தாக்குவது. இரும்பு எங்கே இருக்கிறது என்பது வெண்கலத் தொழினுட்பத்துக்குப் பின்னரே தெரியவருவதும், ஒவ்வொரு வாள்வீரனுக்கும் 20 அலகு இரும்பு தேவைப்படுவதும் இதனைச் சூதாட்டமாக்குகின்றன. (கிடைக்காதபோது வரும் எரிச்சலை இங்கே எழுத விரும்பவில்லை.)

அண்டை நாகரிகம் எவ்வளவு தொலைவில் இருந்தால் வில்லாளர் படையெடுப்பைக் கைவிட்டு, மட்பாண்டம், எழுத்து ஆகியவற்றை ஆய்ந்து குடியேற்றங்களைப் பெருக்குவீர்கள்? மனித எதிராளிகளுடன் ஆடிய அனுபவம் உள்ளவர்கள், கற்கட்டுமானத்தை எந்தக் கட்டத்தில் ஆய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கூறினால் பேருதவியாக இருக்கும்.