புதுப்பிப்பு: எல் நிடோ போய் வந்தாச்சு

பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் இருக்கும் எல் நிடோவில் படகுச் சுற்றுலாக்களுக்கு ஏ, சி என்று எழுத்துதான் பெயர், ஒவ்வொன்றும் வேறு வேறு இடங்களுக்குப் போகும். அதில் 'ஏ'யா 'சி'யா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. கல்லூரி நண்பர்கள் நாலு பேரும் பத்திரமாகத் திரும்பிவிட்டோம்.

பலவானின் தலைநகர் புவெர்ட்டோ பிரின்செசாவிலிருந்து எல் நிடோவுக்கு வேனில் கிட்டத்தட்ட 6 மணி நேரம். வயசு 45 என்பது அப்போதுதான் இடுப்பில் உறைத்தது. முதல் நாள் காற்று பலமென்று கடலோரக் காவல்படை படகுகளை விடவில்லை. ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளச் சொன்னவருக்குத் தனிக் கும்பிடு.

மறுநாள் 'ஏ'. இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிய பங்கா படகு. பெரிய லகூனுக்குள் (பாறைகள் சூழ்ந்த கடல்நீர்ப் பரப்பு) கயாக் என்ற சின்னப் படகில் துடுப்புப் போட்டுப் போனோம். இருபுறமும் கறுத்த சுண்ணாம்புப் பாறைச் சுவர், நடுவில் பச்சைத் தண்ணீர். இருபது வருஷமாக வாய் மூடாத நண்பன் அங்கே பத்து நிமிஷம் பேசவேயில்லை! மதியம் சோறும் சுட்ட மீனும், மேலே காலமன்சி என்ற குட்டி எலுமிச்சை பிழிந்து. சைவக்காரனுக்கு மாம்பழமும் வெள்ளரிக்காயும்தான், பாவம்.

'சி'யில் அலை ஆட்டும் என்று பயமுறுத்தினீர்களே, உண்மைதான். பாறை இடுக்கு வழியே மறைந்த கடற்கரைக்குள் நுழையும்போது வாட்டர் ஷூ போடாதவன் காலைக் கிழித்துக்கொண்டான்.

பலவானுக்கு வடக்கே இருக்கும் கொரோன் தீவுக்கு இந்த முறை போக முடியவில்லை. 1944-இல் அங்கே மூழ்கிய ஜப்பானியக் கப்பல்களைப் பார்க்க டைவிங் கற்றுக்கொள்ளப் போவதாக ஒருத்தன் சொல்கிறான். அவனுக்கு நீச்சலே தெரியாது.