அருங்காட்சியகப் பணியாளர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் குறித்த பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அருங்காட்சியகப் பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். காவிரிப் படுகையில் ஒரு சிற்றூரில் தன்னார்வலர்கள் நடத்தும் அருங்காட்சியகம் ஒன்றின் பொறுப்பில் இருக்கிறேன். திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம் என்று அமைந்த பழைய ஓட்டு வீடு அது. தாழி ஓடுகள், மரக்கால், நாழி, உழக்கு முதலிய அளவைகள், கல்வெட்டு மைப்படிகள் (கல்லின் மீது தாளைப் பதித்து மை ஒற்றி எடுத்த நகல்கள்) ஆகியவற்றை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறோம். நுழைவுச்சீட்டு கொடுப்பவர் ஒருவர், காவலர் இருவர், வழிகாட்டும் தன்னார்வலர் ஒன்பது பேர் எங்களுடன் இருக்கிறார்கள். மாதம் ஒரு முறை அருகிலுள்ள சோழர் காலக் கோயில்களுக்கு மரபு நடையும் அழைத்துச் செல்கிறோம்.

சென்ற ஆண்டு ஒரு பயிற்சியாளரை அழைத்து அரை நாள் வகுப்பு நடத்தினோம். அவர் எங்கள் கண்களைத் துணியால் கட்டி முற்றத்தைச் சுற்றி நடக்கச் சொன்னார். எல்லோரும் மனம் நெகிழ்ந்துபோனோம். மூன்று வாரம் கழித்துப் பார்வையற்ற கல்லூரி மாணவர்கள் நால்வர் வந்தார்கள். எங்கள் காவலர் ஒரு மாணவரின் வெள்ளைக் கோலின் நுனியைப் பிடித்துக்கொண்டு, "இப்படி வாங்க தம்பி" என்று இழுத்துச் சென்றார். வழிகாட்டியோ, அவர்களை அழைத்து வந்த வேன் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தே விளக்கம் முழுவதையும் சொல்லி முடித்தார். இருவரும் நல்ல மனம் படைத்தவர்கள். வகுப்பிலும் முன்வரிசையில் அமர்ந்து கேட்டவர்கள். நானும் அருகில் நின்றுகொண்டுதான் இருந்தேன், எனக்கும் அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை.

வரும் தை மாதத்தில் மீண்டும் ஒரு பயிற்சி நடத்த எண்ணியிருக்கிறோம். ஒரு நாள் அவகாசமும் சிறிதளவு பணமும் மட்டுமே எங்களிடம் உள்ளன. அந்த நாளை எதற்குச் செலவிட வேண்டும்?

மறுமொழி 1: பார்வையற்ற வரலாற்று ஆசிரியை

ஐயா, வணக்கம். நடந்ததை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி.

கண்ணைக் கட்டி நடக்கச் சொல்லும் பயிற்சியை இம்முறை விட்டுவிடுங்கள். சற்று முன் பார்வை இழந்த ஒருவருக்கு ஏற்படும் அச்சத்தை அது காட்டும். முப்பது ஆண்டுகளாகக் கோலின் தட்டலையும் சுவரின் எதிரொலியையும் துணையாகக் கொண்டு நடக்கும் எனக்கு அந்த அச்சம் இல்லை. அச்சத்தை மட்டும் கற்றுக்கொண்டவர் என்னைக் கண்டதும் இரக்கப்படுவார், பதறுவார், கோலைப் பிடித்து இழுப்பார். உங்கள் காவலர் செய்ததும் அதுதான். கோல் எனக்கு விரலைப் போன்றது. அதை இன்னொருவர் பிடித்துவிட்டால் தரை எனக்குத் தெரியாமல் போய்விடும்.

அதற்குப் பதிலாகக் கைப்பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள். "உதவி வேண்டுமா?" என்று கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். வேண்டும் என்றால் உங்கள் முழங்கையை நீட்டுங்கள், பிடித்துக்கொள்வது நாங்கள். அரை அடி முன்னால் நடந்து, "இரண்டு படி இறங்குகிறோம்", "நிலை தாழ்வு, தலையைக் குனியுங்கள்" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். விலகிப் போகும்போது போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் நாங்கள் வெற்றிடத்தோடு பேசிக்கொண்டிருப்போம். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பழகுவதற்கு ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் வேண்டும். அதிலும் பார்வையற்றவர் ஒருவர் உங்கள் முழங்கையைப் பிடித்து நடந்தால்தான் பழக முடியும். ஆகவே உங்கள் மாவட்டத்திலேயே உள்ள மாற்றுத்திறனாளிகள் இருவரையாவது பயிற்சியாளர்களாக அழையுங்கள். வெளியூர்ப் பயிற்சியாளருக்குக் கொடுத்த அதே ஊதியத்தை அவர்களுக்கும் கொடுங்கள். ஒரு சால்வையோடு அனுப்பிவிடாதீர்கள்.

உங்களிடம் மைப்படிகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு ஓர் ஆண்டுக்கு முந்தைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. கல்வெட்டு படியெடுக்கும் நண்பர் ஒருவர், நனைத்த தாளைக் கல்லின் மீது விரித்துத் தூரிகையால் அடித்துப் பதித்து, மை ஒற்றி, உலர்ந்ததும் உரித்தெடுத்து என் கையில் கொடுத்தார். வெட்டெழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கியிருந்ததால், பின்பக்கத்தைத் தடவினால் ஒவ்வோர் எழுத்தும் மேடாக எழுந்து நின்றது. இடவலம் மாறித்தான் இருந்தது. அதனால் முன்பக்கத்தின் பள்ளத்தையும் பின்பக்கத்தின் மேட்டையும் இரு விரல்களுக்கு நடுவே வைத்து மெதுவாக நகர்த்தினேன். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ககரம் இன்றைய ககரத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்பதை இருபது ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகு அன்றுதான் நான் அறிந்தேன். தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் தொட்டு அறியும் பிரதிகளுக்கென்றே 'அனுபவ்' என்ற கூடத்தை 2015இல் திறந்தார்கள். உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. தொடுவதற்கென்று மை ஒற்றாத படிகள் நான்கைந்து புதிதாக எடுத்து வையுங்கள், மரக்காலையும் உழக்கையும் கையில் கொடுங்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, ஏன் என்பதைக் காவலருக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "தொடாதீர்கள்" என்று முதலில் குரல் கொடுப்பவர் அவர்தான்.

மறுமொழி 2: மரபுக் கட்டடப் பாதுகாப்பில் பணிபுரியும் பொறியாளர்

அம்மா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வாசலை அப்படியே விட்டுவிடும் நிறுவனங்கள் பல உண்டு என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதை உரிமையாகவே பேசுகிறது. 2024 நவம்பரில், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி குறித்த ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கியது. ஒருவர் வந்து கேட்ட பிறகு அவருக்கு ஏற்றபடி செய்து தருவது ஒரு கடமை. எவரும் கேட்பதற்கு முன்பே இடத்தை அணுகத்தக்கதாக வைத்திருப்பது வேறொரு கடமை. "இங்கே சக்கர நாற்காலியில் யாரும் வருவதில்லையே" என்ற பேச்சு உங்கள் பயிற்சியிலும் எழும். வாசலில் படி இருக்கும்வரை அவர்கள் எப்படி வருவார்கள்?

சாய்தளத்துக்கு 1:12 என்ற விகிதத்தை நினைவில் வையுங்கள். படியின் உயரம் 30 சென்டிமீட்டர் என்றால் சரிவின் நீளம் 3.6 மீட்டர் வேண்டும். ஒரு மீட்டர் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சாய்தளம் என்று சொல்வது ஆபத்தானது. நாற்காலி பின்னோக்கிக் கவிழும். பழைய கட்டடத்தில் கல்லைத் துளைத்துப் பொருத்தாமல், பின்னாளில் தழும்பின்றி எடுத்துவிடும்படி, ரப்பர் அடிதாங்கிகள் மேல் நிற்கும் மரச் சட்டகமாகச் செய்யலாம். ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் குன்றில் 2020 டிசம்பரில் புதிய மின்தூக்கி திறக்கப்பட்டது; அதனுடன் போட்ட கான்கிரீட் பாதைகள் குறித்து எழுந்த கடுமையான விவாதம் நம் துறையில் பலருக்கும் தெரியும். மரபைக் காப்பதும் எல்லோரையும் உள்ளே அழைப்பதும் மோதும் இடங்கள் உண்மையிலேயே உண்டு. அந்த முடிவை எடுக்கும் மேசையில் சக்கர நாற்காலியில் வருபவரும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மறுமொழி 3: சைகை மொழிபெயர்ப்பாளர்

என் பெற்றோர் இருவரும் காது கேளாதவர்கள். சிறு வயதிலிருந்தே கோயில்களிலும் கோட்டைகளிலும் அவர்களுக்காகப் பேசி வந்திருக்கிறேன். அதனால் வழிகாட்டிகளுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

காது கேட்பவர் சிற்பத்தைப் பார்த்துக்கொண்டே விளக்கத்தைக் கேட்கலாம். காது கேளாதவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்க முடியும்: ஒன்று என் கைகள், மற்றொன்று சிற்பம். வழிகாட்டி "இந்தக் கையில் இருக்கும் மானைப் பாருங்கள், அடுத்து மழுவைப் பாருங்கள்" என்று நிறுத்தாமல் போனால், என் தந்தை மானையும் பார்த்திருக்க மாட்டார், மழுவையும் பார்த்திருக்க மாட்டார். என் விரல்களை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்புவார். ஆகவே முதலில் சொல்லுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு காட்டுங்கள், அவர்கள் கண்கள் திரும்பி வரும்வரை காத்திருங்கள். பலருக்கு இந்தக் காத்திருப்புதான் மிகவும் கடினமாக இருக்கிறது. சுவரைப் பார்த்து முதுகு காட்டிப் பேசுவதையும், வெளிச்சமில்லாத தாழ்வாரத்தில் நின்று பேசுவதையும் தவிர்த்துவிடுங்கள். என்னைப் பார்த்து "அவருக்குப் புரிந்ததா?" என்று கேட்காமல் அவரையே பார்த்துக் கேளுங்கள்.

அதிட்டானம் (கோயிலின் அடித்தளம்), கபோதம் (வளைந்த கூரை விளிம்பு) போன்ற சொற்கள் வருமானால் இரண்டு நாள் முன்னதாகவே மொழிபெயர்ப்பாளருக்குப் படத்துடன் அனுப்பிவிடுங்கள். சைகையையே முதல் மொழியாகக் கொண்டவர்களுக்கு நீண்ட தமிழ்ப் பத்திகளும் கடினமாக இருக்கக்கூடும். காட்சிப் பலகைகளில் சிறு வாக்கியங்களாக எழுதினால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது உதவும்.

மறுமொழி 4: ஊன்றுகோலும் காலிப்பரும் (காலைத் தாங்கும் கட்டுச்சட்டம்) பயன்படுத்துபவர்

மரபு நடைக்கு அறிவிப்பு வெளியிடும்போது எத்தனை படி, எவ்வளவு தூரம் மணல், கழிப்பறை எங்கே, உட்கார இடம் உண்டா என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிடுங்கள். "அனைத்து வசதிகளும் உண்டு" என்ற வரியை நம்பி நான் ஒருமுறை நூறு கிலோமீட்டர் பயணம் செய்து போனேன். சாய்தளம் இருந்தது, ஆனால் அதன் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். சாவி யாரிடம் என்பதும் பயிற்சியில் வர வேண்டிய பாடம்தான்.

கோயில் வாசலில் காலிப்பரையும் அதோடு இணைந்த காலணியையும் கழற்றச் சொல்வார்கள். கழற்றினால் என்னால் நிற்க முடியாது. கோயில் அலுவலரிடம் ஒரு வாரம் முன்பே நீங்கள் பேசிவைத்தால், இருபது பேர் பார்க்க நான் வாதாட வேண்டியிருக்காது. நண்பகல் வெயிலில் கல் தளம் கொதிக்கும் என்பதையும் நினைவில் கொண்டு காலை ஏழு மணிக்கே நடையைத் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:

நால்வருக்கும் நன்றி. மறுமொழிகளை அச்செடுத்துக் காவலர் இருவருக்கும் படித்துக் காட்டினேன். கோலைப் பிடித்தவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த மாணவரின் தொலைபேசி எண் கிடைக்குமா என்று கேட்டார். கல்லூரி வழியாக விசாரித்து, அந்த மாணவரையே பயிற்சியாளர்களில் ஒருவராக அழைத்திருக்கிறோம், அவரும் ஒப்புக்கொண்டார்.

பொறியாளர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. இன்று காலை படிகளை அளந்தேன். கீழ்ப்படி 14 சென்டிமீட்டர், மேற்படி 17, ஆக மொத்தம் 31. உங்கள் கணக்குப்படி 3.72 மீட்டர் வேண்டும். திண்ணைக்கும் தெருச் சாக்கடைக்கும் இடையே 2.9 மீட்டர்தான் இருக்கிறது. திண்ணையை ஒட்டிப் பக்கவாட்டில், நடுவில் ஒரு திருப்பத்துடன் அமைத்தால் திருப்பத்தில் நாற்காலி சுழல எவ்வளவு இடம் விட வேண்டும்? தச்சர் வியாழக்கிழமை வருகிறார்.