கேப்டனை மூன்று தடவை பார்த்தேன், மூன்று தொகுதியில்

எல்லோரும் விஜயகாந்தோடு போட்டோ எடுத்த கதையைச் சொல்கிறீர்கள். என்னிடம் போட்டோ எதுவும் கிடையாது. ஆனால் அவர் வேட்பாளராக நின்ற மூன்று சட்டமன்றத் தேர்தலிலும் அவருடைய வேனுக்குக் கீழே நின்றிருக்கிறேன்.

முதல் தடவை 2006, எங்கள் விருத்தாசலம். அவருடைய கட்சி தேமுதிக ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊரோ பாமக கோட்டை, எங்கள் மாமா அந்தக் கட்சிக்கு பூத் ஏஜென்ட். "சினிமாக்காரரைப் பார்க்கக் கூட்டம் வரும், ஓட்டு மாம்பழத்துக்குத்தான்" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வேன் வந்தபோது ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களில் எங்கள் அத்தையும் ஒருவர்! மாமா பார்த்தும் பார்க்காத மாதிரி வீட்டுக்குள் போய்விட்டார். 232 தொகுதியில் நின்ற கட்சிக்கு எங்கள் ஊர் மட்டும்தான் கிடைத்தது. ஆனால் மாநிலம் முழுக்க 8 சதவீதத்துக்கு மேல் ஓட்டு, அதுவும் கூட்டணி இல்லாமல்.

2011இல் ரிஷிவந்தியத்துக்குப் போய்விட்டார். எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அக்கா வீடு அந்தப் பக்கம் என்பதால் போய்ப் பார்த்தேன். மக்களோடும் தெய்வத்தோடும்தான் கூட்டணி என்று சொன்னவருக்குப் பக்கத்தில் இப்போது அதிமுக கொடி. 41இல் 29 ஜெயித்தார்கள், திமுகவைவிட அதிகம், இவர் எதிர்க்கட்சித் தலைவர். என்னைக் கேட்டால் சறுக்கல் அங்கேதான் தொடங்கியது. அந்த 29இல் எத்தனை முரசு ஓட்டு, எத்தனை இரட்டை இலை ஓட்டு? ஜெயலலிதாவோடு சண்டை வந்ததும் எம்எல்ஏக்கள் சிலர் அந்தப் பக்கம் சாய்ந்தார்களே.

அப்புறம் 2016, உளுந்தூர்பேட்டை. கூட்டம் ஒன்றும் குறைவில்லை. உடம்பு சரியில்லாததால் பேச்சுத்தான் புரியவில்லை. மீம் போட செல்லில் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்து ஒரு பெரியவர், "உள்ளே வைங்கடா அதை" என்று அதட்டினார். முடிவு தெரிந்ததுதானே: மூன்றாம் இடம், டெபாசிட் காலி. கட்சி நின்ற 104 இடத்தில் ஒன்றுகூட இல்லை.

டிவியில் அதைப் பார்த்த மாமா, "நம்ம ஊர்லயே நின்னிருக்கலாம்" என்றார். பாமககாரர் சொல்கிற பேச்சா இது!

2021இல் அவர் மனைவி பிரேமலதா எங்கள் ஊரிலேயே நின்றார், அவருக்கும் மூன்றாம் இடம்தான். பாமக ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் காங்கிரஸிடம் தோற்றது. அத்தை யாருக்குப் போட்டார் என்று மாமா முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான்.