புகை படிந்த கூரை: இங்கிலாந்தின் பழைய மரச்சட்டப் பண்ணை வீடுகளில் உங்களுக்கு நேர்ந்தது

வெண்கொன்றை
மேற்கு சசெக்ஸ், சிங்கிள்டன் திறந்தவெளி அருங்காட்சியகம். அங்கே உள்ள பேலீஃப் என்ற பழைய பண்ணை வீட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். கூடத்துக்குள் கால் வைத்ததுமே கண் எரிந்தது. தரை நடுவில் கட்டை எரிகிறது, புகைபோக்கி என்று ஒன்றே கிடையாது. அண்ணாந்தால் கைமரமெல்லாம் கன்னங்கரேல். 1400-களின் தொடக்கத்தில் எழுந்த வீடு. அந்தக் கரியில் அன்றைய அடுப்பின் புகையும் இருக்கிறது. ஜன்னலில் கண்ணாடி இல்லை, நெட்டுக்கு நிற்கும் மரச்சட்டங்கள்தான். ஜனவரிக் குளிரில் அங்கே பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

ஓக்மரம்
பேலீஃப் முதலில் கெண்ட் மாவட்டத்தில் சிடிங்ஸ்டோன் பக்கம் இருந்த வீடு. பௌ பீச் நீர்த்தேக்கம் வந்ததால் 1960-களின் கடைசியில் பிரித்துக் கொண்டுவந்தார்கள். எனக்கு மறக்காதது சஃபோக்கில் நாங்கள் தங்கிய பண்ணை வீடு. டார்ச் அடித்தபோது தூணிலும் அதில் சேரும் சாய்சட்டத்திலும் ஒரே மாதிரி நான்கு கீறல். தச்சர் போட்ட ரோமன் எண். பட்டறையில் அறுத்து, பொருத்திப் பார்த்து, எண் போட்டுப் பிரித்து, மனையில் மறுபடி நிறுத்துவார்கள். இணைப்பில் முளை, அதாவது மர ஆணி, செருகும் துளைகளை வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கிப் போட்டிருப்பார்கள்; ஓக் முளையை அடிக்க அடிக்க இணைப்பு இறுகும். அந்தக் கீறலைத் தடவிய விரல் இன்னும் கூசுகிறது. உத்தரம் பழைய கப்பல் மரம் என்று வீட்டுக்கார அம்மா சொன்னார்.

கழுந்து
ஓக்மரம் அண்ணா, அந்தக் கப்பல் கதை ஊர் ஊராகச் சொல்வது. உத்தரத்தில் சும்மா கிடக்கும் துளைகளைப் பார்த்துக் கிளம்பிய பேச்சு. இருந்த தடுப்புச் சுவரை எடுத்திருப்பார்கள், இல்லையென்றால் வேறொரு வீட்டு மரம் மறுபடி பயன்பட்டிருக்கும். வீட்டுக்கு இன்னும் காயாத பச்சை ஓக்கைத்தான் வெட்டினார்கள், உளிக்கு இளக்கமாக இருக்கும் என்பதால். நான் பார்த்ததில் மனதில் நிற்பது அடுப்புக்கு மேல் உத்தரத்தில் கண்ணீர்த்துளி வடிவில் கருகிய தடங்கள். வீடு தீப்பிடிக்காமல் காக்கும் என்ற நம்பிக்கையில் மெழுகுத்திரியை வேண்டுமென்றே பிடித்துச் சுட்டவை என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

சுண்ணாம்பு
ஹெர்ஃபோர்ட்ஷயரில் ஒரு வீட்டின் அடிச்சட்டத்தில் சாவியைக் குத்தினேன், ஈரக் கேக் மாதிரி உள்ளே போனது. வெளியே சிமென்ட் பூச்சு. அவ்வளவுதான் என் கதை. இப்படி வீடு வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் கேளுங்கள்: சட்டங்களுக்கு நடுவே கழி பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் சேர்த்து அப்பியிருக்கும். அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். சிமென்ட் பூசினால் விரிசல் வழியே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரத்தை மக்க வைக்கும். சுண்ணாம்புக் காரையும் வெள்ளையடிப்பும்தான் சரி. மரத்துக்குக் கருப்புப் பெயின்ட் வேண்டாம்; அந்தக் கருப்பு வெள்ளைக் கோலம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு மோகம். சட்டப்படி பாதுகாக்கப்படும் பட்டியலிட்ட கட்டடமானால் அனுமதி வாங்காமல் கை வைக்காதீர்கள். வாங்கும் முன்பே மரச்சட்ட வீடு தெரிந்த சர்வேயரை (கட்டடத்தின் நிலையைச் சோதிப்பவர்) கூட்டிப்போங்கள்.

ஓக்மரம்
கழுந்து, கப்பல் மரமே கிடையாது என்று அடித்துச் சொல்லாதீர்கள். ஹாம்ப்ஷயர் விக்கம் ஊரில் 1820-இல் கட்டிய செசபீக் ஆலை, பிரிட்டன் பிடித்த அமெரிக்கப் போர்க்கப்பலின் மரத்தால்தான் எழுந்தது. அது ஆலை, பண்ணை வீடல்ல என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். சஃபோக் உத்தரத்தில் வெறும் துளைகளே இல்லை, அதையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.